ஆயர் துடைக்காமல் குடித்த கிண்ணம்

சாகக் கிடந்த ஒரு மனிதரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அவர் அதை நம்பி, தன் வாழ்நாள் முழுவதும் தொடாமலிருந்த ஒன்றைத் தொட்டார். அதற்குப் பிறகு நான் செய்தது, அந்தப் பொய்யைவிடப் பெரிய பிழை.

இதை இதுவரை யாரிடமும் வாய்திறந்து சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என் முகம் தெரியாது, என் ஊர் தெரியாது, நான் யாருடைய மகள் என்றும் தெரியாது. எங்கள் ஆட்களிடம் சொன்னால் அந்த மூன்றையும் முதலில் கேட்பார்கள்.

அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். அழுகை வரவில்லை. வந்தால் நல்லதென்று சில நாள் காத்திருந்தும் பார்த்தேன்… வரவில்லை.

ஹம்பேர்க்கில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை செய்கிறேன். யார் யாரோ வாய் வைத்த கோப்பைகள் நாள் முழுக்க என் கைக்கு வருகின்றன. இடைவேளையில் அதே கோப்பையில்தான் கோப்பி குடிக்கிறேன். ஒருநாளும் அருவருத்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

முதலில் ஆயரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரில்லாமல் இந்தக் கதையே இல்லை.

எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தைக் கட்டியவர் அவர். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபை அனுப்பிய ஆயர். பள்ளி மண்டபத்தில் அவருடைய பெரிய படம் தொங்கியது. வெள்ளை அங்கி, உப்பிய சட்டைக் கைகள், நெஞ்சுவரை தாடி. ஒவ்வொரு வருடமும் ஆயர் நாள் வரும். மேல்வகுப்பில் நன்றாகப் பேசக்கூடிய ஒரு பிள்ளை மேடையேறி அவர் வாழ்க்கையைப் பாடமாக்கிச் சொல்லவேண்டும். அந்தப் பிள்ளையாக நான் இருந்தேன். இப்போது நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஏழைப் போதகரின் மகனாகப் பிறந்தார். படித்தார். கப்பலேறினார். யாழ்ப்பாணத்துக்கு வந்து ஒரு பண்டிதரிடம் தமிழ் கற்று, தமிழிலேயே பிரசங்கம் செய்தார். மாட்டு வண்டியில் ஊரூராகப் போனார். மனைவியையும் கைக்குழந்தையையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, இருவரையும் எங்கள் மண்ணிலேயே புதைத்தார். பிறகு கொழும்பில் ஆயராக அபிஷேகம் பெற்றார். தோட்டத் துரைமாரோடு தொழிலாளருக்காகச் சண்டை பிடித்தார், தேசாதிபதியின் விருந்துக்குப் போகாமல் விட்டார், பெண்பிள்ளைகள் படிக்கவேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். வயதாகி ஊருக்குத் திரும்பி, அந்தக் கடலோரத்திலேயே கண் மூடினார்.

இதில் எதுவும் பொய்யில்லை. நல்ல மனிதர்தான். அதுதான் கஷ்டம்.

மேடையில் சொல்லாத ஒரு பங்கும் இருந்தது. அது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் சொல்லப்பட்டது.

எங்கள் தேவாலயத்தில் வாங்கில், அதாவது மரப் பெஞ்சில், இருந்தவர்கள் ஒரு பகுதி. பின்னால் பாயில் இருந்தவர்கள் இன்னொரு பகுதி. நாங்கள் வாங்கில் இருந்தவர்கள். ஏனென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேதம் மாறினோம், சாதி மாறவில்லை! திருவிருந்தின்போது முதலில் வாங்குக்காரர் எழுந்து போய் முழந்தாளிட்டு, ஒரே கிண்ணத்தில் ஆளுக்கொரு மிடறு குடித்துத் திரும்பிய பிறகுதான் பாய்க்காரர் எழும்புவார்கள். யாரும் அதை எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

ஆயர் ஒருமுறை திடப்படுத்தல் ஆராதனைக்காக எங்கள் ஊருக்கு வந்தார். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று நல்ல தமிழில், உரத்த குரலில் பிரசங்கித்தார். பாயிலிருந்த யாக்கோபு என்ற இளம் மனிதர் அதை நம்பிவிட்டார். திருவிருந்து தொடங்கியதும் அவர் எழுந்து நேரே முன்னால் போய், வாங்குக்காரரின் வரிசையில், கிண்ணம் முதலில் வரும் வலப்பக்கத்து ஓரத்தில் முழந்தாளிட்டார்.

ஆயர் கிண்ணத்தோடு அவரிடம் வந்தார். அவருடைய உதடு வரைக்கும் கிண்ணம் போனது. அப்போது முதல் வாங்கில் இருந்த என் பூட்டன், அப்பாவின் பாட்டன், செருமினார்.

ஒரு செருமல்தான். எழும்பவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர் அவர். சுவர் பாதியில் நின்றது, கூரைக்கு மரமும் அவர் வளவிலிருந்துதான் வரவேண்டும். ஆயர் நிமிர்ந்து பார்த்தார். கிண்ணத்தை இழுத்து, வெள்ளைத் துணியால் மூடி, பீடத்துக்குத் திரும்பிப் போனார். யாக்கோபு திறந்த வாயோடு முழந்தாளில் இருந்தாராம். அதற்குப் பிறகு எங்கள் தேவாலயத்துக்கு இரண்டு கிண்ணங்கள். ஒன்று வெள்ளி, மற்றது பித்தளை.

அன்று மத்தியானம் ஆயர் எங்கள் வீட்டில் பிட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டாராம். என் அப்பா இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். துரையையே ஒரு செருமலில் திருப்பி அனுப்பின ஆள் எங்கட பூட்டன் என்பார். நானும் சிரித்திருக்கிறேன். சின்னப் பிள்ளைதானே என்று சொல்லித் தப்ப ஏலாது… இருபது வயதிலும் சிரித்தேன்.

இனி ஹம்பேர்க்.

இங்கே வேதக்காரத் தமிழர் கொஞ்சப் பேர்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு ஜெர்மன்காரரின் தேவாலய மண்டபமொன்றை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகிறோம். எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய மாணவிகள் சிலர் இருப்பதால், வருடத்தில் ஒருமுறை ஆயர் நாளும் வைக்கிறோம். ஆராதனை, பேச்சு, பிறகு கட்லட்டும் ரோல்ஸும். பேச்சு என்னுடையது. வேறு யார்!

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆயர் நாளில் என் மகள் எழுந்து நின்றாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், இங்கே பிறந்தவள். வெள்ளைக்காரன் பிடித்து ஆண்ட காலத்தில் வந்த ஒருத்தருக்கு ஏன் இன்னும் கை தட்டுகிறீர்கள், அந்த ஆள் சாதியைப் பற்றி என்ன செய்தார் என்று கேட்டாள்.

வீட்டு மேசையில் கேட்டதை இவளுக்கு நான் சொன்னதே இல்லை. என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாமல் வாய் திறந்தது. யாக்கோபின் கதையைச் சொன்னேன். பெயரை மாற்றவில்லை, வரிசையை மாற்றவில்லை. செருமலைக்கூட விட்டுவைத்தேன், யாரோ செருமினார்கள் என்று. முடிவை மட்டும் மாற்றினேன். ஆயர் நிமிர்ந்து பார்த்து, கிண்ணத்தை யாக்கோபுக்கு முதலில் கொடுத்து, பிறகு அதே கிண்ணத்தைத் தன் வாயில் வைத்துத் தானும் குடித்தார் என்று சொன்னேன்.

மண்டபத்தில் பலர் கண் துடைத்தார்கள். மகள் கை தட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் புதைத்துவிட்டு நான் ஒரு கட்லட்டை எடுத்துச் சாப்பிட்டேன்.

ஆயரைக் காப்பாற்றத்தானே சொன்னேன் என்று கன நாள் என்னையே சமாதானப்படுத்தினேன். அப்படியா? ஆயருக்கு என்ன குறை, அவர் படத்தில் இருக்கிறார்! நான் காப்பாற்றியது செருமியவரை. கிண்ணம் திரும்பிப் போகவில்லையென்றால் அந்தச் செருமலுக்குப் பலனில்லை. பலனில்லாத செருமல் பாவமும் இல்லை. கணக்கு எவ்வளவு அழகாய்ச் சரிவருகிறது, பாருங்கள்.

அதன் பிறகு அந்தக் கதை என் கையில் இல்லை. ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் நாடகமாகப் போட்டார்கள். கொலோனிலிருந்து வந்த ஒருவர் அதை எனக்கே திருப்பிச் சொன்னார்.

ஆனால் அன்று மண்டபத்தின் கடைசி வரிசையில் ரூபி அக்கா இருந்தார். எங்கள் ஊர்தான். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னோடு 'நீங்கள்' போட்டுத்தான் கதைப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே இருவருக்கும் தெரியும். யாக்கோபு அவருடைய பூட்டன்.

கூட்டம் முடிந்து எல்லாரும் கதிரை அடுக்கும்போது என்னிடம் வந்தார். தங்கள் வீட்டில் கதை வேறு மாதிரி என்றார். ஆயர் கிண்ணத்தை இழுத்துவிட்டார் என்றுதான் அவருடைய அப்பா சாமுவேல் ஐயா சொல்வாராம். அதனால் அவர் வாழ்க்கையில் ஒருமுறைகூடத் திருவிருந்து எடுத்ததில்லையாம். ஒரு ஞாயிறும் தவறாமல் தேவாலயம் போவார், பின்னால் இருப்பார், ஆனால் முன்னால் போகமாட்டார். தன் கலியாணத்தன்றும் மணப்பெண்ணைத் தனியே முழந்தாளிட விட்டுப் பக்கத்தில் நின்றாராம்.

"நீங்கள் படிச்சனீங்கள்," என்றார் ரூபி அக்கா. "எது உண்மை?"

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். சுற்றிவர யாரும் இல்லை. என் மகள்கூட வெளியே போய்விட்டாள். ஒரு சொல் போதும்.

"உங்கட அப்பா பிழையாக் கேட்டிருப்பார் அக்கா," என்றேன்.

அவருடைய முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். பெற்ற தகப்பன் இவ்வளவு காலமும் வீணாகக் கோபித்துக்கொண்டிருந்தாரே என்று சங்கடப்பட்டார். அதோடு ஒரு நிம்மதியும் வந்தது. எனக்கு எதுவும் வரவில்லை. கதிரைகளை அடுக்கினேன்.

சாமுவேல் ஐயாவை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். மனைவி போனபின் மகள் கூப்பிட்டு இங்கே வந்தவர். தொண்ணூறை எட்டிய வயதிலும் வேட்டி கட்டி, அதன்மேல் குளிர் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வருவார், ஆயர் நாளுக்கு மட்டும் வரமாட்டார். கடைசிக் கதிரையில் நிமிர்ந்து இருப்பார். எல்லாரும் எழுந்து முன்னால் போகையில் அவர் மட்டும் கைத்தடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். பிடிவாதக்காரக் கிழவர் என்று எங்களுக்குள் கதைப்போம். அது பிடிவாதமில்லை என்று எங்களில் தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான்.

போன மாரியில் அவர் படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரி கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியது. ரூபி அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். போதகர் வரப்போகிறார், திருவிருந்து கொடுக்க. அப்பா மாட்டேன் என்கிறார். மகள் சொன்னால் கேட்கமாட்டாராம், படித்தவர்கள் சொன்னால் கேட்பாராம்.

"ஒருக்கா வந்து அந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கோ," என்றார். "அந்தாள் வெறும் வயித்தோட போகக்கூடாது."

வேலை என்று சொல்லியிருக்கலாம். எஸ்-பான் ரயில் ஓடவில்லை என்று சொல்லியிருக்கலாம், ஹம்பேர்க்கில் அது பொய்யாகக்கூட இருந்திருக்காது! ஆனால் போனேன். ஏன் போனேன்? பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பின்னேரம். சூடாக்கியைக் கூட்டிவைத்த சின்ன அறை. ஐயா தலையணையில் சாய்ந்திருந்தார். ஆராதனையில் கண்ட முகமென்றாலும், என்னைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வியை, யாருடைய மகள் என்பதை, கேட்டார்.

"நீர் ஆற்றை பிள்ளை?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். ஊரில் எங்கள் குடும்பத்தைச் சொல்லும் பெயர், கல்வீட்டுக்காரர், அதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் அந்தக் கேள்விக்கு எங்கள் வாய் தானாகப் பதில் சொல்லும். அவர் தலையாட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். போதகர் தன் சின்னப் பெட்டியைத் திறந்து, கிண்ணத்தை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் கதையைச் சொன்னேன். மேடையில் சொல்வதுபோலில்லை, மெதுவாக. யாக்கோபு எழுந்தது, நடந்தது, முழந்தாளிட்டது. செருமல் வந்த இடத்தில் ஐயா கண்ணைத் திறந்தார். நான் நிறுத்தவில்லை.

"ஆயர் என்ரை பாட்டன்ரை வாய் பட்ட கிண்ணத்திலயே குடிச்சவரோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா."

"துடைச்சுப்போட்டுக் குடிச்சவரோ?"

வேதக்காரர் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் குடித்ததும் போதகர் கிண்ணத்தின் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்துத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார். வழமை அது, எல்லாருக்கும் உள்ளது. ஆம், துடைத்துத்தான் குடித்தார் என்று சொல்லியிருந்தாலும் கதை நின்றிருக்கும். ஆனால் கிழவரின் கண் என் முகத்திலேயே நின்றது.

"இல்லை ஐயா. துடைக்காமல்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். பிறகு போதகரைப் பார்த்து, தாங்கோ என்றார்.

ரூபி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். போதகர் அப்பத்தைக் கொடுத்தார், கிண்ணத்தை அவர் வாயில் வைத்தார். ஐயா குடித்தார். ஒரு துளி தாடையில் வழிந்தது. அடுத்தது ரூபி அக்கா. அடுத்தது நான்.

இப்போது சொல்லப்போவதுதான் என் பாவம்.

கொரோனாக் காலத்திலிருந்து எங்கள் ஆராதனையில் ஒரு வசதி உண்டு. கிண்ணத்தில் வாய் வைக்க விருப்பமில்லாதவர்கள் அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்து உண்ணலாம். மற்றவர்கள் பழையபடி குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் தேவாலயத்தில் தோய்த்ததே இல்லை. எனக்கு அது தேவைப்பட்டதில்லை… ஏனென்றால் நான் எப்போதும் வலப்பக்கத்து ஓரத்தில், முதல் ஆளாக முழந்தாளிடுகிறவள். அம்மா பழக்கிய பழக்கம். கிண்ணம் எனக்குத்தான் முதலில் வரும். இத்தனை வருடத்தில் ரூபி அக்காவுக்குப் பின்னால் நான் குடித்ததே இல்லை என்பது அந்த அறையில், போதகர் விளிம்பைத் துடைத்துக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

உறைத்த பிறகும் என் கை போனது. அப்பத்தைப் பிடித்த விரல்கள் தாமாகவே கிண்ணத்துக்குள் இறங்கின. தோய்த்தேன். வாயில் போட்டேன். விளிம்பில் என் உதடு படவில்லை.

துடைத்த கிண்ணம். அதிலும் நான் குடிக்கவில்லை.

போதகர் கவனிக்கவில்லை. ரூபி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாமுவேல் ஐயா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தை அல்ல, என் விரலை.

"சரி பிள்ளை," என்றார் ஐயா. "இப்ப எனக்கு விளங்குது."

கோபமில்லை. குரல் உயரவில்லை. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். களைத்துப்போனார் என்று ரூபி அக்கா போர்வையை இழுத்துவிட்டார். என் கையைப் பிடித்து, கடைசியில் அப்பாவுக்கு விளங்கப்பண்ணிவிட்டீர்கள் என்று சொன்னார். தேத்தண்ணி போட்டுத் தந்தார். அந்தக் கோப்பையில் குடித்தேனா என்று கேட்கிறீர்களா? குடித்தேன். கொஞ்சம். பேருக்கு.

அடுத்த கிழமை ஐயா போய்விட்டார். அந்த நாட்களில் அவர் ஒருவரோடும் கதைக்கவில்லை என்று பிறகு அறிந்தேன். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கோபம். தன் பாட்டனுக்காக வைத்திருந்த கோபம். அதைக் கையிலிருந்து பிடுங்கி, வாயில் கிண்ணத்தை வைக்கப்பண்ணி, அவர் குடித்து முடித்தபின் அந்தக் கோபம் பிழையில்லை என்று என் விரலால் காட்டினேன். திருப்பித் துப்ப முடியுமா? அந்த ஆயராவது யாக்கோபு குடிக்கமுதல் கிண்ணத்தை இழுத்துவிட்டார்.

உண்மையை ரூபி அக்காவிடம் சொல்லலாம்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். தகப்பன் சமாதானமாகப் போனார் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனுசி இருக்கிறது. அதையும் பிடுங்கவா? இது இரக்கமா, கோழைத்தனமா? இரண்டும் ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன. எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வேலைக்குப் போகிறேன், கோப்பை கழுவுகிறேன், எஸ்-பானில் இருந்து தூங்கிவிடுகிறேன்.

வருகிற ஞாயிறு ஆயர் நாள். நேற்று ரூபி அக்கா தொலைபேசி எடுத்தார். பேச்சின் கடைசியில் அவருடைய அப்பாவையும் சேர்த்துச் சொல்லவேண்டுமாம். யாக்கோபு குடித்த கிண்ணம் பேரனிடமும் வந்து சேர்ந்தது என்று சொல்லி முடித்தால் நன்றாயிருக்குமாம். சொல்கிறேன் அக்கா என்றேன்.

இன்னொன்றும் கேட்டார். தான் ஒருநாளும் முன்வரிசைக்கு வந்ததில்லையாம். இந்த முறை வந்து என் பக்கத்தில் முழந்தாளிடப்போகிறாராம்.

"நீங்கள் எந்தப் பக்கம் இருப்பீங்கள்?" என்று கேட்டார்.

வலப்பக்கம், ஓரத்தில் என்று சொன்னேன்.